மவுஸைக் கொஞ்சம் ஓரமா வைங்க!

இந்த வாரம் ஒரு சின்ன விளையாட்டு. கம்ப்யூட்டர் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கீங்க? மவுஸை எடுத்து டேபிளோட அந்தப் பக்கம் தள்ளி வைங்க. லேப்டாப்னா டச்பேடைத் தொடவே கூடாது. இப்போ உங்க காலேஜ் வெப்சைட்டுக்குப் போங்க. கீபோர்டில் இருக்கிற 'டேப்' கீயையும் 'என்டர்' கீயையும் மட்டும் வெச்சுக்கிட்டு, போன செமஸ்டர் ரிசல்ட் பக்கத்தைக் கண்டுபிடிங்க பார்க்கலாம்.

என்ன, முழிக்கிறீங்களா? டேப் தட்டத் தட்ட உள்ளே ஏதோ நகர்கிறது. ஆனால் இப்போது எந்த லிங்க் மேல நிற்கிறோம் என்பதே தெரியவில்லை, அதானே? உண்மையில் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரிய வேண்டும். பிரவுசர் அதைத் தானாகவே போட்டுக் கொடுக்கும். பக்கத்தை டிசைன் செய்த புண்ணியவான், 'அந்தக் கோடு அசிங்கமா இருக்கு பாஸ்' என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு வரி எழுதி அதைத் தூக்கியிருப்பார். 'அவுட்லைன்: நன்'. அவ்வளவுதான். கை நடுங்குவதால் மவுஸைப் பிடிக்க முடியாதவர், விபத்தில் கை போனவர், வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு கீபோர்டைத் தட்டுகிறவர்... இவங்க அத்தனை பேருக்கும் அந்தப் பக்கம் இருட்டறை ஆகிவிட்டது. இதைச் செய்தவர் கெட்டவர் எல்லாம் இல்லை. மவுஸ் இல்லாமல் ஒருத்தர் வருவார் என்று அவருக்குத் தோணவே இல்லை. எனக்கும் தோணினது இல்லைங்க, மதுரையில் அந்த ஒரு சாயங்காலம் வரை.

மதுரையில் எனக்கு ஒரு நண்பன். எம்.ஏ. வரலாறு படித்தவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னைவிட ஏழு வயசு சின்னவன், அதனால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். அவன் லேப்டாப்பில் என்விடிஏ என்று ஒரு மென்பொருள் ஓடும். திரையில் இருப்பதை எல்லாம் வாசித்துக் காட்டுகிற ஸ்க்ரீன் ரீடர். அது பேசுகிற வேகம் இருக்கே... எனக்குக் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. அவன் அதில் ஒரு முழு பேராவைக் கேட்டு முடித்துவிட்டு, 'இதுல ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்குண்ணே' என்கிறான்.

இடையில் ஒரு விஷயம். இந்த என்விடிஏவுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கு. ஸ்க்ரீன் ரீடர்கள் 1980-களிலேயே வந்துவிட்டன. ஆனால் விலையைக் கேட்டால் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் போலிருக்கும். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற இளைஞர், 'பார்க்க முடியாதவன் மட்டும் ஏன் கூடுதலாகக் காசு கட்டணும்?' என்று கேட்டு, தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். அவருக்கும் பார்வை கிடையாது. பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாம் ஒன்றில் சின்ன வயசில் பழக்கமான ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். இன்றைக்கும் அது இலவசம்தான், மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நீங்களும் இறக்கிப் பார்க்கலாம். கட்டாயம் இறக்குங்க, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

சரி, மதுரைக்கு வருவோம். அன்றைக்கு நண்பன் பி.எட். சேருவதற்கு ஒரு கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். கல்லூரியின் பெயர் வேண்டாம், விடுங்க. நான் பக்கத்தில் டீயோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஒரு பக்கத்துக்குள் போனதும் அவன் முதலில் தட்டுவது 'ஹெச்' கீ. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்கு அது தாவும். நாம் பேப்பரை விரித்ததும் தலைப்புகளை மேயறோமே, அதே மாதிரி. தட்டினான். 'நோ நெக்ஸ்ட் ஹெட்டிங்' என்றது. ஆனால் என் கண்ணுக்குப் பெரிசு பெரிசாக நாலு தலைப்பு தெரிகிறது! விஷயம் என்ன என்றால், அவை தலைப்புகள் இல்லை. சும்மா எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தலைப்பு, கம்ப்யூட்டருக்கு வெறும் வரி. அடுத்து, பக்கத்தில் உள்ள லிங்குகளை எல்லாம் பட்டியலாக எடுத்தான். 'கிளிக் ஹியர். கிளிக் ஹியர். கிளிக் ஹியர்.' மொத்தம் பதினொரு 'கிளிக் ஹியர்'. எதைக் கிளிக்கினால் எங்கே போகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

எப்படியோ ஃபாரத்துக்குள் போய்விட்டோம். முதல் பெட்டி: 'எடிட், பிளாங்க்'. இரண்டாவது: 'எடிட், பிளாங்க்'. மூன்றாவதும் அதே. பெயர் எங்கே, அப்பா பெயர் எங்கே, மதிப்பெண் எங்கே? பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்த எழுத்து இந்தப் பெட்டிக்குச் சொந்தம் என்று எச்டிஎம்எல்லில் 'லேபிள்' போட்டு யாரும் கட்டிவைக்கவில்லை. விவரக் குறிப்பேட்டைத் திறந்தால் அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். நாற்பது பக்கம் எனக்கு. அவனுக்கு நாற்பது படம், ஒரு எழுத்துகூட இல்லை.

கடைசியில் வந்தார் வில்லன். கோணல்மாணலாக ஆறு எழுத்து, மேலே கோடு கோடாகக் கிறுக்கல். 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்'. ஒலியாகக் கேட்கிற வசதி? இல்லை. நான் படித்துச் சொன்னேன், அவன் அடித்தான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டதாம், 'செஷன் எக்ஸ்பயர்டு'. மறுபடி முதலிலிருந்து. டீ ஆறிப்போச்சு.

எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. அவன் சாதாரணமாகச் சொன்னான்: "கண்ணு தெரியாதது எனக்குப் பழகிடுச்சுண்ணே. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அடுத்தவன்கிட்ட சொல்றதுதான் இன்னும் பழகல. நீங்க இல்லாட்டி பிரவுசிங் சென்டர் ஆளு. அவருக்கு என் ஆதார் நம்பர் மனப்பாடம்."

இதில் நம்ம தமிழுக்கென்று ஒரு தனி வரலாறே இருக்கு. தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000-களிலும் தமிழ் இணையதளம் என்றால் ஆளுக்கொரு ஃபான்ட். திரையில் 'வணக்கம்' என்று தெரியும், உள்ளே பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்தும் குறியும் இருக்கும். ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். பார்வையற்ற தமிழர் ஒருவருக்கு அன்றைக்குத் தமிழ் இணையம் என்பது வெறும் உளறல்தான். யூனிகோடு வந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. என்விடிஏவோடு வரும் இலவசக் குரல்களில் தமிழும் இருக்கு. ஆனால் நாம சும்மா இருப்போமா? திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டுகிறோம். அறிவிப்பை அழகாகத் தமிழில் டைப் பண்ணி, அதை அப்படியே ஜேபிஜி படமாக்கி சைட்டில் மாட்டுகிறோம். இல்லாவிட்டால் முழுப் பக்கமும் தமிழில் இருக்கும், ஆனால் நிரலில் மொழி 'ஆங்கிலம்' என்று எழுதியிருக்கும். ஆங்கிலக் குரல்கள் பலவற்றுக்கும் தமிழ் எழுத்தைக் கண்டதும் வாய் அடைத்துவிடும். 'லாங்' என்ற இடத்தில் 'டிஏ' என்று இரண்டே எழுத்து போட்டால் போதும், தமிழ்க் குரல் இருக்கும் கருவிகள் தானாக அதற்கு மாறிக்கொள்ள முடியும். இரண்டு எழுத்துங்க!

இப்போ வேறொரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். என் அக்கா பையன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். ஆட்டிசம் உள்ளவன். கண் பார்வை பிரமாதம், காது அதைவிடப் பிரமாதம்; பிரச்னையே அதுதான். போனில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் டைப் பண்ணச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவான்.

போன லீவில் அவன் ரூமுக்குப் போயிருந்தேன். மானிட்டரின் மேல்பாதியில் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டை வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். 'என்னடா இது?' என்று ஒன்றைப் பிய்த்தேன். பின்னால் ஒரு பேனர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தேட வந்தது கீழே இருந்த பாடத்திட்டத்தை. மேலே மூன்று வினாடிக்கு ஒருமுறை படம் மாறும், ஓரத்தில் 'நியூ' என்று சிவப்பில் மின்னும், திடீரென்று ஒரு சாட் பெட்டி 'ஹாய்! நான் உதவட்டுமா?' என்று கீழேயிருந்து குதிக்கும். நாம் இதையெல்லாம் பார்க்காத மாதிரி கடந்து போகிறோம். அவனால் முடியாது. "ஒவ்வொரு தடவையும் யாரோ என் தோளைத் தட்டிக் கூப்பிடற மாதிரி இருக்கு மாமா. திரும்பிப் பார்க்காம இருக்க முடியல. திரும்பி வந்தா எந்த வரியில விட்டேன்னு தெரியல" என்று எழுதிக் காட்டினான்.

அசைவு ஒரு பக்கம். வார்த்தை இன்னொரு பக்கம். 'தங்கள் விண்ணப்பம் விரைவில் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு உதவித்தொகை சைட் சொல்லியிருக்கு. விரைவில் என்றால்? ஒரு மணி நேரமா, ஒரு மாசமா? பையன் இரண்டு நாள் தூங்காமல் அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கிறான். 'தேவைப்பட்டால் சான்றிதழ்களை இணைக்கவும்' என்று இன்னொன்று. யாருக்குத் தேவைப்பட்டால்? நீங்களே சொல்லுங்க, இது ஆட்டிசம் உள்ளவருக்கு மட்டும்தான் குழப்புதா? முதல் தலைமுறையாகக் காலேஜுக்கு வந்து, வீட்டில் கேட்க ஆளில்லாமல் ஃபாரம் நிரப்புகிற எத்தனையோ பேர் இந்த 'தேவைப்பட்டால்' முன்னாடி திகைச்சு நின்னிருப்பாங்க.

பிரிட்டன் உள்துறை அலுவலகத்தில் வடிவமைப்பாளராக இருந்த கார்வாய் புன் என்பவர் 2016-ல் சில போஸ்டர்கள் தயாரித்தார். ஆட்டிசம் உள்ளவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு போஸ்டர். ஆட்டிசத்துக்கான போஸ்டரில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. எளிய நிறங்கள், நேரடியான மொழி, ஒரே மாதிரியான பக்க அமைப்பு, என்ன செய்யும் என்று தெளிவாகச் சொல்கிற பட்டன். உவமை, சொலவடை வேண்டாம் என்றும் இருக்கும். நம்ம பசங்க எழுதுகிற எரர் மெசேஜை நினைச்சுப் பார்த்தேன். 'அய்யய்யோ, சர்வர் மண்டையைப் போட்டுருச்சு!' நமக்குச் சிரிப்பு. பணம் போச்சா இருக்கா என்று தெரியாமல் தவிக்கிறவருக்கு?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்றாலே எல்லோரும் என் மருமகன் மாதிரி என்று நினைச்சுடாதீங்க. பளிச் நிறங்களும் அனிமேஷனும் கொள்ளைப் பிரியம் என்பவர்களும் உண்டு. இதில் முரண்பாடும் வரும். பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தும் பின்னணியும் நன்றாக வேறுபட வேண்டும். 'டபிள்யூ3சி' அமைப்பின் விதிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்று விகிதமே சொல்கிறது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து, 'நீட்டா இருக்குல்ல' என்று இப்போது எல்லோரும் போடுகிறார்களே, பாதிக்கு மேல் இதில் ஃபெயில். அதே சமயம் சுத்த வெள்ளையில் கன்னங்கரேல் எழுத்து, என் மருமகனுக்குக் கண்ணில் குத்துகிறது. அப்போ யார் பக்கம் நிற்பது? சண்டையே வேண்டாம். வெளிர் சந்தனப் பின்னணியில் அடர் சாம்பல் எழுத்து போட்டுப் பாருங்க, விகிதமும் தாண்டும், குத்தவும் குத்தாது. அதோடு மாற்றிக்கொள்கிற வசதியையும் கொடுத்துவிட்டால் முடிஞ்சது கதை.

அசைவுக்கும் விதி இருக்கு. தானாக ஓடி ஐந்து வினாடிக்கு மேல் நீடிக்கிற எதையும் நிறுத்த ஒரு வழி வேண்டும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது. இது சும்மா ரசனை சமாச்சாரம் இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து வலிப்பு, மயக்கம், தலைவலி என்று அறுநூறு குழந்தைகளுக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உங்க போன் செட்டிங்ஸில் அனிமேஷனைக் குறைக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும், தேடிப் பாருங்க. 'ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதினால் உங்க சைட் அந்த சுவிட்சைக் கேட்டு நடந்துக்கும். ஸ்டிக்கி நோட்டுக்கு வேலையில்லை.

'இதெல்லாம் பண்ணனும்னு சட்டமா இருக்கு?' என்று ஒரு குரல் கேட்குதே. இருக்குங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. இணையமும் அதற்குள் வரும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தேடிப் படிங்க. பிரக்யா பிரசூன் என்பவர் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்கு திறக்கப் போனால், உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று காட்ட கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட்டால் சிமிட்டவே முடியாமல் போனவர் எப்படிச் சிமிட்டுவார்? அவரும் மற்றவர்களும் போட்ட வழக்கு, பார்வையற்ற ஒருவர் போட்ட வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்ன நீதிமன்றம், 20 உத்தரவுகள் போட்டது.

ஆனால் களத்தில் நிலைமை வேறு. 'வெப்எய்ம்' என்ற அமெரிக்க அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கிறது. 2024-ல் அதில் 95.9 சதவீதம் பக்கங்களில் தப்பு. மங்கலான எழுத்துதான் முதலிடம். இதற்குக் குறுக்குவழி விற்கிறவர்களும் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலி ஐகானோடு ஒரு பட்டனை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு, 2025 ஜனவரியில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் பத்து லட்சம் டாலர் கட்டும்படி சொன்னது. லேபிள் போடாத பெட்டிக்கு மேலே பட்டனை ஒட்டி என்ன பிரயோஜனம்?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். காலேஜ் சைட்டை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். சிம்போசியம் சைட், கல்ச்சுரல்ஸ் சைட், டிபார்ட்மென்ட் அசோசியேஷன் பக்கம் இதெல்லாம் நீங்கதானே செய்யறீங்க? என் மருமகன் காலேஜில் மூன்று பசங்க அவங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு சைட் பண்ணியிருந்தாங்க. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து மழை, திறந்ததும் பாட்டு, நடுவில் வினாடி வினாடியாக ஓடும் கடிகாரம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மதுரை நண்பனைப் போனில் பிடித்து, அவன் திரையையும் ஸ்க்ரீன் ரீடர் சத்தத்தையும் வீடியோ காலில் ஷேர் பண்ணச் சொல்லி, 'இவன் உங்க பேப்பர் பிரசன்டேஷனுக்கு ரிஜிஸ்டர் பண்ணப் போறான், பாருங்க' என்றேன். பாட்டு சத்தத்தில் ஸ்க்ரீன் ரீடர் பேசுவது அவனுக்கே கேட்கவில்லை. பாட்டை நிறுத்தும் பட்டன் பக்கத்தின் கடைசியில். முதல் ரெண்டு நிமிஷம் பசங்க சிரிச்சாங்க. பத்தாவது நிமிஷம் ஒருத்தன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். இதுக்குத்தான் உங்களையும் என்விடிஏவை இறக்கச் சொன்னேன். திரையை அணைத்துவிட்டு, உங்க சைட்டைக் காதால் கேட்டுப் பாருங்க. அதைவிட நல்லது, தினமும் காதால் கேட்கிறவரையே கூப்பிட்டு உட்கார வைப்பது. சும்மா இல்லை, சோதித்துக் கொடுப்பதும் வேலைதான், காசு கொடுங்க.

அன்று ராத்திரியே லேபிள், தலைப்பு, மொழி, படங்களுக்கு விளக்கம் எல்லாம் போட்டுட்டாங்க. பாட்டு போச்சு. பச்சை மழையை விட மனசில்லை, அதற்கு ஒரு 'நிறுத்து' பட்டன் வந்தது. என் மருமகன் அவனாகவே ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தான். ஹாலின் போட்டோ வேணும், கேட்டிலிருந்து பதிவு மேசைக்கு எப்படிப் போகணும் என்று எழுதணும், எந்த நிகழ்ச்சியில் ஸ்பீக்கர் சத்தம் அதிகம் என்று முன்கூட்டியே சொல்லணும், கூட்டம் தாங்காவிட்டால் உட்கார ஒரு அமைதியான ரூம் எது என்று குறிப்பிடணும். நாலே விஷயம். அந்தப் பக்கத்தைப் போட்ட பிறகு, வெளியூர் காலேஜ் பொண்ணுங்க சிலர், 'வழி கரெக்டா போட்டிருந்தீங்க, ரொம்ப தேங்க்ஸ்' என்று மெயில் அனுப்பினாங்களாம்.

நேற்று மதுரையிலிருந்து போன். "அண்ணே, நானே ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். யாரையும் கூப்பிடல."

"சூப்பர்டா! எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சுதா?"

"பிறந்த தேதிக்கு ஒரு காலண்டர் வெச்சிருக்கானுங்க. அது கீபோர்டுல 2025-லேருந்து மாசம் மாசமாத்தான் பின்னாடி போகுது. நான் பொறந்தது 2001. முந்நூறு தடவை தட்டணும்ண்ணே. பசங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு ராத்திரி மாத்தறாங்களாம்."